தாளிப்பு தெரியாத செயலி

உடல்நலச் செயலி ஒன்றைக் கைபேசியில் ஏற்றியதும் அது இரண்டு எண்களைக் காட்டத் தொடங்கும். இன்று இத்தனை அடி நடந்திருக்கிறீர்கள். இத்தனை கலோரி சாப்பிட்டிருக்கிறீர்கள். திரையில் இரண்டும் அருகருகே ஒரே அளவில் நிற்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நம்பிவிடுகிறோம். முதல் எண்ணை ஓரளவு நம்பலாம். இரண்டாவதை நம்பி ஒரு வடையைக் கூட எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடிகளை எண்ணுவது முடுக்கமானி என்ற சில்லு. அதற்குள் நுண்ணிய சிலிக்கன் வில்களில் ஒரு துளி எடை தொங்குகிறது. கைபேசி அசைந்தால் அந்த எடை நகரும். பக்கத்துத் தகட்டுக்கும் அதற்குமான இடைவெளி மாறும். அது மின் சைகையாகப் பதிவாகும். நடப்பவரிடம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை இந்தச் சைகை சீராக ஏறி இறங்கும். மென்பொருள் தேடுவது அந்தத் தாளத்தைத்தான். கைபேசி உடம்போடு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்பதை மட்டும் செயலி சொல்வதில்லை. சேலையில் பை கிடையாது. அடுப்படிக்கும் மொட்டை மாடிக்குமாக நாள் முழுக்க ஏறி இறங்கும் பெண்ணின் கைபேசி அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், அவர் எழுந்து நடக்கவே இல்லை என்றுதான் செயலி எழுதிவைக்கும்.

தினமும் பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவர்கள் வகுத்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த உடற்பயிற்சி ஆர்வத்தில், 1965-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்ற அடிமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும். அமெரிக்காவில் வயதான பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டோரை ஐ-மின் லீ குழுவினர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

இனி கலோரி. எரித்த கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்கு மாட்டிப் பார்த்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. செலவான ஆற்றலிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

சாப்பிட்ட கணக்கு இதைவிடச் சிக்கல். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற வாய்ப்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. இன்றும் பெரும்பாலும் அதுதான். ஆனால் கொட்டை வகைகளை உடம்பு முழுதாகச் செரிப்பதில்லை. வாய்ப்பாட்டின்படி 170 கலோரி வரும் ஒரு கைப்பிடி பாதாம், ஆட்களுக்குக் கொடுத்து அளந்தபோது 129 கலோரிதான் தந்தது.

நம் உணவுக்கு நம்பகமான அட்டவணை இருக்கிறது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருள்களை அலசித் தந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சமைக்காத பொருள்கள். துவரம்பருப்புக்கு எண் உண்டு. உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு யாரிடமும் எண் இல்லை. செயலி ஒரு சராசரிச் சாம்பாரை ஊகித்துக்கொள்கிறது. 'ஓர் இட்லி' என்று தட்டினால் அது ஓட்டல் இட்லியா, அம்மா ஊற்றும் குட்டி இட்லியா என்று அதற்குத் தெரியாது.

இட்லியிலாவது தப்பு சிறிது. எண்ணெயில்தான் கணக்கு கவிழ்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தோசையைச் சுற்றி ஊற்றியது, கத்தரிக்காய் வதக்கியது, மேலே கொட்டிய தாளிப்பு என எதுவும் தட்டைப் படமெடுத்துக் கணக்குச் சொல்லும் செயலியின் கண்ணில் முழுதாகப் படாது.

அப்படியானால் செயலியை அழித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ 1,700 பேரில் வாரத்துக்கு ஆறு நாள் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாமலே விட்டவர்களைவிட இரு மடங்கு எடை குறைந்தார்கள். 2016-இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு இன்னும் சுவாரசியம். இரண்டாண்டு முடிவில், தானாகக் கணக்கெடுக்கும் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். தாங்களே பதிவு செய்துவந்தவர்கள் 5.9 கிலோ. கருவியை மாட்டியதுமே பாதி வேலை முடிந்ததாக மனம் எண்ணிவிடுகிறதோ என்பது என் சந்தேகம். எழுதுகிறவருக்கோ மூன்றாவது தோசையை எடுக்கும்போதே அதை எழுத வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடும்.

ஆகவே கலோரிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல், சாப்பிட்டதை மட்டும் பதிந்து வாருங்கள். எண்ணெய்க்கு மளிகைச் சீட்டே போதும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் வாங்கினால் தலைக்கு நாளுக்கு 33 மில்லி. அதாவது ஏறத்தாழ 270 கலோரி. பொரித்து மிஞ்சிக் கொட்டிய எண்ணெயைக் கழித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஓட்டல் பரோட்டாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.