மரவள்ளிக் குச்சிக் கரியும் கழிவுநீரும்

தர்மபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி முடிந்ததும், அடுத்த நடவுக்கு வேண்டிய குச்சிகளை மட்டும் எடுத்து நிழலில் அடுக்கி வைப்பார்கள். மிச்சம் வரப்போரம் குவிந்து காயும். பிறகு ஒருநாள் தீ வைத்துவிடுவார்கள். எஞ்சுவது ஒரு கைச் சாம்பல். அதே குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி கிடைக்கும். பயோசார் என்று இன்று பேசப்படுவது இதுதான். கழிவுநீரைச் சுத்தப்படுத்த இது நன்றாகவே உதவும், ஆனால் எல்லா அழுக்குக்கும் அல்ல. எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு இறங்குவதுதான் முக்கியம்.

தர்மபுரி மாவட்டத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மரவள்ளிக் குச்சி, பட்டு வளர்ப்பில் கழியும் மல்பெரிக் குச்சி, தேங்காய்த் தொட்டி, சீமைக் கருவேலம் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சீமைக் கருவேலம், நிலக்கடலைத் தோல், தேங்காய் ஓடு, வைக்கோல் போன்றவற்றிலிருந்து பயோசார் தயாரித்து, அவற்றின் இயல்புகளை ஒப்பிட்டுக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்வும் செய்திருக்கிறார்கள்.

காய்ந்த குச்சி காற்றில்லாமல் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது ஈரமும் வாயுக்களும் தாரும் வெளியேறிவிடுகின்றன. அவை போன வழியெல்லாம் நுண்துளைகளாக நிற்கின்றன. நன்றாகச் சுட்ட கரியில் ஒரு கிராமுக்குள்ளேயே நூறு, இருநூறு சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கக்கூடும். நீரில் கரைந்த சாயம், சில பூச்சிமருந்துகள், நாற்றம் தரும் பொருட்கள் எல்லாம் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குறைந்த சூட்டில் வெந்த கரி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் அமோனியாவையும் பிடிக்க ஏற்றது. அதிகச் சூட்டில் வெந்தது சாயத்துக்கும் எண்ணெய்ப்பசை உள்ள கரிமப் பொருட்களுக்கும் ஏற்றது. கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பனும் இதே இனம்தான். நீராவியாலோ ரசாயனத்தாலோ அதில் இன்னும் துளைகளைத் திறந்திருப்பார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகைய விடும் கரிமூட்டம் பலருக்கும் தெரிந்தது. மரவள்ளிக் குச்சி போன்ற மெல்லிய பொருளுக்கு மூட்டம் தேவையில்லை, குழி போதும். மேல்வாய் ஐந்தடி, ஆழம் இரண்டரை அடி, கீழே போகப் போகக் குறுகும் குழி. ஒடித்தால் சட்டென்று முறியும் அளவுக்குக் குச்சி காய்ந்திருக்க வேண்டும். அடியில் கொஞ்சம் போட்டுத் தீ மூட்டி, தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் மெல்லப் படரும் நேரத்தில் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் சுவாலையே காற்றைத் தின்றுவிடுவதால் கீழடுக்குக்கு ஆக்சிஜன் போகாது. அது எரியாமல் கரியாகும். புகை கிளம்பினால் அவசரப்பட்டுப் போடுகிறோம் என்று அர்த்தம். வெள்ளைச் சாம்பல் தடித்தால் தாமதிக்கிறோம். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி முழுக்க அணைக்க வேண்டும். உள்ளே ஒரு தணல் ஒளிந்திருந்தாலும் விடிவதற்குள் அத்தனையும் சாம்பலாகிவிடும். நூறு கிலோ காய்ந்த குச்சிக்கு இருபது, இருபத்தைந்து கிலோ கரி தேறினால் நல்ல வேலை.

உடைத்துப் பார்க்கும்போது நடுவில் பழுப்பு தெரிந்தால் அது வேகாத கரி. நீரில் போட்டால் தார் இறங்கும் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள். வெந்ததைக் கொள்ளு அளவுக்கு நொறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். அலசாவிட்டால் ஒட்டியிருக்கும் சாம்பல் நீரைக் காரமாக்கிவிடும். கரியின் தரத்தைப் பார்க்கக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு துளி மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் விட்டு, ஒரு கரண்டி கரி போட்டுக் கலக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் நீலம் போயிருந்தால் கரி வேலை செய்கிறது.

வீட்டளவில் இது மிகவும் பொருந்துவது குளியலறை, அடுப்படித் தண்ணீருக்கு. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் ஒரு தொட்டியில் மிதக்க விட்டுப் பிரித்துவிட்டு, ஜல்லியும் மணலும் அடியில் போட்டு, மேலே கரி நிரப்பிய டிரம்மில் விடலாம். வெளிவரும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் போதும். கிருமி முழுக்கப் போகாததால் குடிக்கக் கூடாது.

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் கதை வேறு. மாவுச்சத்து நிறைந்து, புளித்து நாறி, மரவள்ளிக்கே உரிய சயனைடும் கலந்து வரும் அந்த நீரை நேரே கரியில் விட்டால், துளைகள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதலில் சாண எரிவாயுக் கலனைப் போன்ற காற்றில்லாத் தொட்டியில் செரிக்க வைத்து, வண்டலைப் படியவிட்டு, கடைசியில் மிஞ்சும் நிறத்துக்கும் நாற்றத்துக்கும்தான் கரிப் படுகை. வரிசை மாறினால் கரியும் வீண், காசும் வீண்.

தர்மபுரி வாசகர்கள் கட்டாயம் கேட்கக்கூடிய கேள்வி ஃப்ளோரைடு பற்றியது. அதனால் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக இந்த மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கரி வடிகட்டி போட்டால் ஃப்ளோரைடு போகுமா? சாதாரணச் செடிக்கரியால் போகாது என்றே வையுங்கள். நீரில் ஃப்ளோரைடு எதிர்மின்னேற்றத்தோடு இருக்கிறது. செடிக்கரியின் பரப்பும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், ஒன்றையொன்று தள்ளுகின்றன. எலும்புக்கரியில் கால்சியம் பாஸ்பேட் இருப்பதால் அது ஃப்ளோரைடைப் பிடிக்கும். அலுமினியம், கால்சியம் ஏற்றிய செடிக்கரியும் ஆய்வகங்களில் பிடிக்கிறது. ஆனால் ஏற்றிய உலோகம் குடிநீரில் இறங்காமல் பார்க்கப் பரிசோதனை வசதி வேண்டும். வீட்டில் முயலவேண்டிய வேலையல்ல. கொதிக்கவைப்பதாலும் ஃப்ளோரைடு குறையாது, நீர் சுண்டுவதால் அளவு கூடும். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்காமல், இந்தக் காரணத்துக்காகவே ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் கேட்டு வாங்குவதுதான் சரி.

பிடிக்கவேண்டியதைப் பிடித்து நிறைந்த கரியை என்ன செய்வது? வீட்டுக் கழிவுநீரில் கிடந்ததைச் சாண எருவோடு மக்கவைத்து, மரங்களின் தூரில் போடலாம். சாயப்பட்டறை நீரிலோ உலோகம் கலந்த நீரிலோ கிடந்தது அப்படியல்ல. அது பிடித்த நஞ்சு அதிலேயே இருக்கிறது. அதை நிலத்திலும் போடக்கூடாது, அடுப்பிலும் எரிக்கக்கூடாது. அபாயக் கழிவுக்கு உரிய இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.