ஒரு தட்டு, ரெண்டு அஞ்சு: சத்திரப்பட்டியில் ஒரு பழைய கீபோர்டு

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல மெக்கானிக்கல் கீபோர்டு பத்திப் பேசினப்போ நிறைய பேர் கேட்டிருந்தீங்க: "இதை ஒரு பழைய கம்ப்யூட்டர்ல சொருகினா வேலை செய்யுமா?" பதில் தெரியும்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். போன மாசம் ராஜபாளையம் போயிட்டு வந்ததும் அந்த நினைப்பு போயிடுச்சு.

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி, காஸ் துணி நெய்யுறதுக்குப் பேர் போன ஊர். எங்க மாமாவுக்கு அங்க அந்த வியாபாரம்தான். அவர் ஆபீஸ்ல 1998-ல வாங்கின ஒரு பென்டியம் மெஷின் இன்னும் ஓடுது. டாஸ், அதுல ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதின ஒரு கணக்கு புரோகிராம். எல்லா பார்ட்டியோட பாக்கியும் அதுக்குள்ளதான். எழுதிக் கொடுத்தவர் இப்ப எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியாது.

அந்த மெஷின்ல கணக்கு போடுற அக்கா பத்தொன்பது வருஷமா அங்கேயே இருக்காங்க. நான் போன அன்னைக்கு ஆபீஸ்ல ஒரே இறுக்கம். 4,500 ரூபாய் பில் ஒண்ணு 45,500-னு ஏறியிருக்கு. பார்ட்டி போன் பண்ணி சத்தம் போட்டிருக்கார். அந்த மாசத்துல இது மூணாவது தடவையாம். மாமா நேரடியா ஒண்ணும் சொல்லல. "வயசாகுதுல்ல, கண்ணு தெரியல போல"ன்னு என்கிட்ட மெதுவா சொன்னார். அக்கா காதுல அது விழுந்துடுச்சு.

நான் கீபோர்டைப் பார்த்தேன். மேல இருந்த பேரே அழிஞ்சு போன, செங்கல் கணக்கா கனமான ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு. வலது பக்க நம்பர் கட்டத்துல 5-ஐ இருபது தடவை தட்டினேன். ஸ்கிரீன்ல இருபத்தி மூணு அஞ்சு.

இதுக்குப் பேர் சேட்டரிங். ஸ்விட்சுக்குள்ள ரெண்டு உலோகத் தகடு வந்து ஒட்டும்போது ஒரே அடியா ஒட்டாது, சில மில்லி செகண்ட் துள்ளித் துள்ளித்தான் நிக்கும். கீபோர்டுக்குள்ள இருக்கிற சிப் அந்தத் துள்ளல் அடங்குற வரைக்கும் காத்திருந்து, "சரி, ஒரு தட்டு"ன்னு எண்ணிக்கும். தகடு தேய்ஞ்சாலோ தூசி சேர்ந்தாலோ துள்ளல் நீளும். சிப்போட பொறுமை அதுக்கு முன்னாடியே முடிஞ்சா, ஒரு தட்டு ரெண்டாயிடும். சத்திரப்பட்டி ஆபீஸ்ல பஞ்சுத் தூசிக்குக் குறைச்சலா?

சரி, 45,500-னு ஸ்கிரீன்ல தெரியுதே, அக்கா ஏன் பார்க்கல? அவங்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணினவங்க. கண்ணு பில்லுமேலதான் இருக்கும், ஸ்கிரீனுக்குப் போகாது. விரல் தட்டுது, காது எண்ணுது. செர்ரி எம்எக்ஸ் ப்ளூ மாதிரி ஸ்விட்சுல கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். சுமார் 2.2 மில்லிமீட்டர்ல எழுத்து பதிவாகும், கிட்டத்தட்ட அங்கேயே 'க்ளிக்' சத்தமும் வரும். நம்ம ஊர் பில்லிங் கவுன்ட்டர்ல டிவிஎஸ் கோல்டு கீபோர்டு சடசடன்னு கேட்கும்ல, அதுக்குள்ளயும் இதே மாதிரி க்ளிக் ஸ்விட்சுதான். க்ளிக் கேட்டா பதிவாச்சுன்னு அர்த்தம். இங்க க்ளிக் ஒண்ணு, எண் ரெண்டு. காது பொய் சொல்லல, தகடு பொய் சொல்லிடுச்சு.

நான் உடனே பையில இருந்த என் ஆர்ஜிபி கீபோர்டை எடுத்தேன். யூஎஸ்பி முனையில பச்சைக் கலர் அடாப்டர், அதுக்கு மேல பழைய பெரிய அஞ்சு பின் பிளக்குக்கான அடாப்டர். ஒரு அசைவும் இல்ல. அந்தப் பச்சை அடாப்டர் எதையும் மொழிபெயர்க்காது, கம்பியை மட்டும் மாத்திக் கொடுக்கும். கீபோர்டுக்கே பிஎஸ்/2 பாஷை தெரிஞ்சிருக்கணும். இப்ப வர்ற நிறைய கீபோர்டுகளுக்குத் தெரியாது.

பிஎஸ்/2-க்கும் அஞ்சு பின்னுக்கும் நடுவுல அந்தப் பிரச்சினை இல்ல. 1984-ல வந்த ஐபிஎம் ஏடி பேசினதும், 1987-ல வந்த பிஎஸ்/2 பேசினதும் ஒரே பாஷை, பிளக்தான் வேற. அதுக்கு முந்தின 1981 ஐபிஎம் பிசி, அப்புறம் எக்ஸ்டி, ரெண்டும் வேற பாஷை. பிளக் அச்சு அசலா பொருந்தும், ஆனா பேச்சு புரியாது. அங்க கன்வர்ட்டர் சிப் வேணும், இல்லேன்னா அடியில எக்ஸ்டி/ஏடி மாத்துற பட்டன் இருக்கிற கீபோர்டு வேணும்.

'ஏ' கீயை அழுத்தினா எக்ஸ்டி கீபோர்டு 30-னு ஒரு எண் அனுப்பும். ஏடி கீபோர்டு 28-னு அனுப்பும். ஏடி மதர்போர்டுல இருக்கிற ஒரு சிப் அந்த 28-ஐ வாங்கி 30-ஆ மாத்தி புரோகிராமுக்குக் கொடுக்கும், பழைய புரோகிராம் எதுவும் குழம்பக் கூடாதுன்னு. ரெண்டுலயுமே போறது எழுத்து இல்ல, இடம். 'இந்த இடத்துல இருக்கிற கீயை அழுத்தினாங்க', அவ்வளவுதான். அதனாலதான் ஒரே கீபோர்டுல தமிழ் டைப்ரைட்டர் முறையும் அடிக்கலாம், தமிழ்99 முறையும் அடிக்கலாம். எந்த எழுத்துன்னு முடிவு பண்றது சாஃப்ட்வேர்.

அப்புறம் நான் செஞ்ச முட்டாள்தனம். என் கீபோர்டைக் கழட்டிட்டு பழசைத் திரும்ப சொருகினேன், மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே. யூஎஸ்பி பழக்கம்! இந்தப் பழைய போர்ட்டுகளை அப்படிச் சொருகக் கூடாது. மதர்போர்டுல கீபோர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கிற பாதையில குட்டியா ஒரு ஃப்யூஸ் இருக்கும், அது போயிடுச்சு. திரும்ப ஆன் பண்ணினா 'கீபோர்டு இல்ல, எஃப்1 அழுத்து'ன்னு வருது. இல்லாத கீபோர்டுல எஃப்1-ஐ எப்படி அழுத்துறது! ஜோக்கா கேட்டிருக்கேன், அன்னைக்குச் சிரிப்பு வரல. மொத்தக் கணக்கும் அதுக்குள்ள. மாமா முகத்தை நான் பார்க்கவே இல்ல.

தென்காசி ரோட்டுல டிவி ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்து, பத்து நிமிஷத்துல ஃப்யூஸை மாத்திட்டார். கீபோர்டையும் கழட்டச் சொன்னேன். உள்ள பஞ்சு, நிஜமாவே நூல் நூலா. "5-க்கு புது ஸ்விட்ச் எங்க தம்பி கிடைக்கும்?"னார். ஸ்க்ரோல் லாக்கைக் காட்டினேன். இத்தனை வருஷத்துல யாரும் தொடாத கீ. ரெண்டு ஸ்விட்சையும் சால்டரைச் சுட வச்சு எடுத்து, இடம் மாத்தி வச்சார். ஸ்விட்சுக்குத் தான் யாருன்னு தெரியாது. எந்த இடத்துல உட்காருதோ அந்த எண்தான் போகும்.

திரும்ப வந்து 5-ஐ நூறு தடவை தட்டினேன். நூறுதான் வந்துச்சு. அக்காகிட்ட நடந்ததைச் சொன்னேன், மாமா பக்கத்துல இருக்கும்போதே. மாமா கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு, "டீ சொல்லட்டாம்மா?"ன்னார். அக்கா, "முதல்ல அந்த மூணு பில்லைத் திருத்திக்கிறேன்"னாங்க.

ஹார்டு டிஸ்கை ரெண்டு காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். உங்க வீட்டுக் கடையில இதே மாதிரி ஒரு மெஷின் இருந்தா, கீபோர்டைத் தொடுறதுக்கு முன்னாடி அதைப் பண்ணுங்க. பவரை ஆஃப் பண்ணிட்டு.