மூடைக்குள் கை விட்டுப் பாருங்கள்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் வெல்லாவெளி நெல் விளையும் பூமி. அங்கே நெல் வாங்கப் போகும் வியாபாரி, மூடையின் வாயில் தெரியும் நெல்லை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. உள்ளே கை விட்டு ஒரு பிடி அள்ளுவார். இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் நெல் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவு கவனமாக நெல் வாங்கும் நாம், பிள்ளைக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கும்போது என்ன செய்கிறோம்? மேலே பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். "புதுசு போல இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம்.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சோனி நிறுவனம் முதல் பிளேஸ்டேஷன் தயாரிப்பதை 2006-ஆம் ஆண்டிலும், பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பதை 2013-ஆம் ஆண்டிலும் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று உங்கள் கைக்கு வரும் பெட்டி பெரும்பாலும் யாரோ பாவித்ததாகவோ, பழுது பார்த்துப் புதுப்பித்ததாகவோதான் இருக்கும். அதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

அடியில் உள்ள எண்

பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். எஸ்.சி.பி.எச். என்ற எழுத்துகளை அடுத்து ஓர் எண் இருக்கும். முதல் பிளேஸ்டேஷனில் அந்த எண்ணின் கடைசி இலக்கம், பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 0 என்றால் ஜப்பான். 1 என்றால் அமெரிக்கா. 2 என்றால் ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும்.

இது வீட்டின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவினது 120 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். மின் பகுதி உள்ளேயே இருக்கும் ஜப்பானியச் சாம்பல் நிறப் பெட்டியை நேராக நம் சுவரில் செருகினால் அது கருகிப் போகும். படமும் இடக்குச் செய்யும். நம் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் பால் முறையில் அமைந்தவை. ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகள் என்.டி.எஸ்.சி. முறையில் படம் அனுப்புபவை. நிறம் வராமல் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது பல நேரம் இதனால்தான். 2-இல் முடியும் பெட்டி நம் மின்சாரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்தும்.

எண்ணும் உடம்பும் ஒத்துப் போகிறதா?

ஒரே பெயரில் வந்தாலும் எல்லாப் பெட்டிகளும் ஒன்றல்ல. 1994-இல் ஜப்பானில் வெளிவந்த 1000 வரிசையில், இறுவட்டைப் படிக்கும் லென்ஸ் சூடேறும் மின் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. அது நகரும் பிளாஸ்டிக் பகுதியும் தேய்ந்து, படக்காட்சிகள் திக்கித் திக்கி ஓடின. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியவர்கள் பலர். 5500 வரிசை முதல் அந்த இடத்தை மாற்றினார்கள்.

பின்பக்கத்தையும் பாருங்கள். பழைய வரிசைகளில் அகலமான ஓர் இணைப்பு வாய் இருந்தது. 1999-இல் வந்த 9000 வரிசையில் அது எடுக்கப்பட்டது. தாளில் 9002 என்றிருந்து, பின்னால் அந்த வாயும் இருந்தால், ஒன்றின் கூட்டுக்குள் மற்றொன்றைப் போட்டிருக்கிறார்கள். அதுபோல, பிளேஸ்டேஷன் 2-இன் மெல்லிய வகையில் 70000 வரிசைகளுக்கு அடாப்டர் வெளியே இருக்கும். 90000 வரிசைக்கு மின் பகுதி உள்ளேயே உண்டு. 90000 என்று சொல்லி அடாப்டரையும் சேர்த்துத் தந்தால் காரணம் கேளுங்கள்.

இன்னும் சில அடையாளங்கள்: திருகாணிகளின் தலை தேய்ந்திருப்பது, ஒன்று புதிதாகவும் மற்றது துருவேறியும் இருப்பது, மேல் மூடி மஞ்சளித்து அடிப்பக்கம் வெளிறியிருப்பது, அட்டைப் பெட்டியின் தொடர் இலக்கமும் அடியிலுள்ள தொடர் இலக்கமும் வேறுபடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகுதான் லென்ஸின் குறை வெளியே வரும்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்காதே என்றார்கள்.

புதுப்பித்த பெட்டிக்கும் இதே சட்டம்தான். லென்ஸ் மாற்றியிருந்தால் சொல்லுங்கள். கூடு மாற்றியிருந்தால் சொல்லுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். குறையை அறியாமல் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை நமது மார்க்கச் சட்டம் 'கியாருல் ஐப்' என்ற பெயரில் வாங்குபவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. நாட்டுச் சட்டமும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஃபமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. முதலில் வந்தவற்றில் ஒரு சில்லுக் கோளாறால் விளையாட்டு நடுவிலே உறைந்து நின்றது. நிறுவனம் விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற்று, உள்ளிருக்கும் பலகையை மாற்றிக் கொடுத்தது. ஒட்டிக்கொண்ட சதுரப் பொத்தான்களையும் பிறகு வட்டமாக்கியது. நட்டப்பட்டுக் குறையை ஒப்புக்கொண்ட அந்தப் பெட்டிதான் உலகமெங்கும் பெயர் வாங்கியது.

வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து எழுவான்கரைக் கடைத்தெருவுக்கு வரும் தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நெல் விற்ற காசில் பிள்ளைக்கு ஒரு பெட்டி வாங்கிப் போகிறார்கள். வீட்டில் அது ஓடாவிட்டால், திரும்பி வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். பலர் திரும்பி வரவே மாட்டார்கள். "சோனகருடைய கடையில் ஏமாந்தோம்" என்ற சொல் மட்டும் அந்த ஊரில் நின்றுவிடும். அவர்களின் நெல்லை நம் ஆட்கள் கை விட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். நம் பொருளுக்குள் அவர்கள் கை விட்டுப் பார்க்க நாமே மூடையைத் திறந்து கொடுப்பதுதானே நியாயம்?

உண்மை சொல்லி, குறையைத் தெளிவாக்கி நடக்கும் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. வல்ல அல்லாஹ் அந்தப் பரக்கத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.