முதற்கதவைத் திறந்தவர்கள்

சென்ற வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாயொருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, இவள் எந்நேரமும் துப்பறியும் கதைகளையே படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது வெளியூர் போய் வேதியியல் படிக்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இவள் அப்பாவுக்கும் மனமில்லை. நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். மகளோ தலைகவிழ்ந்து நின்றாள்.

முறையீடுகள் இரண்டு, ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. இறைவன் அருளிய அறிவைப் பெண்ணொருத்தி எதுவரை பயன்படுத்தலாம் என்பதே அக்கேள்வி. அன்று சுருக்கமாகச் சொல்லியனுப்பியதை இன்று சற்று விரித்துரைக்க விழைகிறோம். இதே ஐயம் வேறு பல இல்லங்களிலும் இருக்கக்கூடுமன்றோ?

பதுவைப் பேராலயத்தில்

பதுவை நகர் என்றதும் நம் மக்களுக்குப் புனித அந்தோனியார் நினைவுக்கு வருவார். அந்நகரின் பேராலயத்தில் 1678ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் வேறொரு காட்சியும் நடந்தது. எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்னும் முப்பத்திரண்டு வயது வெனிசு நங்கை, பேராசிரியர்கள் முன்னிலையில் அரிஸ்டாட்டிலின் நூற்பகுதிகளை இலத்தீன் மொழியில் விளக்கியுரைத்தாள். காண வந்தோர் பல்கலைக்கழக மண்டபத்தில் அடங்காமையால் தேர்வு பேராலயத்திற்கு மாற்றப்பட்டது. முடிவில் அவளுக்கு வாகைமுடி சூட்டி, மோதிரம் அணிவித்து, முனைவர் பட்டம் வழங்கினர். பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண் என்று உலகம் இன்று அவளைப் போற்றுகிறது.

குழந்தைப் பருவத்திலேயே அவளது கூர்மதியைக் கண்டு, இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்குமாறு தந்தைக்கு எடுத்துரைத்தவர் குடும்ப நண்பரான ஒரு குரு. இல்லத்தில் இருந்தபடியே புனித ஆசீர்வாதப்பரின் துறவொழுங்கைக் கடைப்பிடித்த அவள், எபிரேயமும் அரபும் உட்படப் பல மொழிகளில் தேர்ந்தாள்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காது சொல்லவேண்டும். அவளுக்காக முதலிற் கோரப்பட்டது இறையியலில் முனைவர் பட்டம். பதுவையின் ஆயரும் பல்கலைக்கழகத்தின் வேந்தருமான கர்தினால் கிரகோரியோ பார்பரிகோ, பெண் இறையியல் ஆசிரியராவது தகாது என்று மறுத்துவிட்டார். ஆகவேதான் மெய்யியற் பட்டத்தோடு அமைய நேர்ந்தது. அந்தக் கர்தினால் தீயவரல்லர். 1960இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. புனிதரும் தம் காலத்து எண்ணத்தைக் கடந்து காண இயலாதிருப்பதுண்டு என்பதையே இது காட்டுகிறது. எலெனா 1684இல், 38ஆம் வயதில் மறைந்தாள். அதன்பின் பதுவையில் மற்றொரு பெண்ணுக்கு இடமளிக்கப் பல்கலைக்கழகம் மறுத்தது. ஒருமுறை திறந்த கதவு மீண்டும் அடைபட்டது.

பொலோஞ்ஞாவும் மிலானும்

அடுத்த பெண் பட்டம் பெற 54 ஆண்டுகள் கழிந்தன. 1732இல் பொலோஞ்ஞா நகரில் லவுரா பாஸி என்னும் இருபது வயது மங்கை முனைவரானாள். பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவியும் பெற்றாள். இம்முறை அவளுக்குத் துணைநின்றவர் அந்நகரின் பேராயரான கர்தினால் லம்பெர்த்தீனி. அவரே பின்னர், 1740இல், 14ஆம் பெனடிக்ட் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். லவுரா இல்லறம் ஏற்றாள், மக்களைப் பெற்றாள், கணவருடன் தம் இல்லத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்து நியூட்டனின் இயற்பியலைக் கற்பித்தாள். 1776இல் செய்முறை இயற்பியலுக்கே பேராசிரியரானாள். கல்வி குடும்பத்தைக் கெடுக்கும் என்போர் இவ்வில்லத்தை எண்ணிப்பார்க்கலாம்.

மிலான் நகரின் மரியா அக்னேசி 1748இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட கணிதநூல், நுண்கணிதத்தை மாணவருக்கு ஒழுங்குபடக் கற்பிக்கும் சிறந்த நூலெனப் புகழ்பெற்றது. அதைக் கண்டு 1750இல் அதே திருத்தந்தை பொலோஞ்ஞாவில் அவளுக்குப் பதவியளித்தார். அவளோ அங்குச் செல்லவில்லை. தந்தை இறந்தபின் தன் வாழ்நாளை ஏழை முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் கையளித்தாள். 1799இல் இறந்தபோது ஏழைகளோடு பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டாள். அவள் ஆராய்ந்த வளைகோடு ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இத்தாலியச் சொல்லைத் தவறாகப் படித்ததால், 'அக்னேசியின் சூனியக்காரி' என்று அது இன்றளவும் வழங்குகிறது. அறத்திற் சிறந்த அப்பெண்ணுக்கு உலகம் சூட்டிய பெயரின் விந்தையைப் பாருங்கள்!

துப்பறியும் கதை தீதோ?

இனி, அத்தாயின் முதல் முறையீட்டிற்கு வருவோம். துப்பறியும் சிறுகதையின் தொடக்கமாக அறிஞர் கொள்வது, அமெரிக்கரான எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட கதையை. அந்நாட்டின் அன்னா கதரீன் கிரீன் 1878இல் எழுதிய துப்பறியும் புதினம் பெரும் வரவேற்புப் பெற்றது. செர்லக் ஹோம்ஸ் தோன்றியதோ அதற்கு ஒன்பதாண்டுகள் கழித்து, 1887இல். அன்னாவையே இத்துறையின் முதற்பெண் எனப் பலர் எழுதுவர். ஆனால் மெட்டா விக்டர் என்னும் பெண்மணி 1866இலேயே இத்தகைய புதினத்தைத் தொடராக வெளியிட்டாள். வேறு புனைபெயரில் மறைந்திருந்தமையால் உலகம் அவளை மறந்தது. 'முதல்வர்' பட்டியல்களை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள் இதை நினைவிற்கொள்வது நன்று.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். குருமடத்தில் தத்துவம் பயின்ற நாள்களில், செஸ்டர்டன் எழுதிய 'பாதிரியார் பிரவுன்' கதைகளைத் தலையணைக்கடியில் வைத்திருந்ததுண்டு. 1910இல் தோன்றிய முதற்கதையில், குருவின் உடையில் வந்த திருடனை அச்சிறிய பாதிரியார் கண்டுகொள்கிறார். எவ்வாறு? அவன் பகுத்தறிவைப் பழித்துப் பேசினானாம். அது பிழையான இறையியல். ஆகவே அவன் குருவாக இருக்க முடியாது! பேராசிரியர் பல மணி நேரம் விளக்கிய பாடம் இந்த ஒரு பக்கத்தில் நமக்குப் பளிச்சென விளங்கியது.

ரொனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு, விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றலால் மர்மம் அவிழக்கூடாது. துப்பாள் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்டியாகவேண்டும் என்பன அவற்றுட் சில. புதுமைகளை நம்பும் குருவே, கதையில் புதுமை கூடாது என்று விதித்தார். எழுத்தாளன் வாசகனை ஏமாற்றலாகாது என்னும் நேர்மையே அதன் கருத்து.

ஐந்தாண்டு காத்திருந்த பட்டம்

இத்துறையில் புகழ்பெற்ற டாரதி சேயர்ஸ் ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகள். தந்தையே அவளுக்கு இளமையில் இலத்தீன் கற்பித்தார். 1915இல் ஆக்ஸ்போர்டு தேர்வில் முதல் வகுப்பில் தேறினாள். பட்டம் கிடைத்ததோ 1920இல். அதுவரை அங்குப் பெண்கள் படிக்கலாம், தேர்வெழுதலாம், பட்டம் பெற முடியாது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களுள் அவளும் ஒருத்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 வரை தாமதித்தது.

அதே 1920இல் அகதா கிறிஸ்டியின் முதற்புதினம் வெளிவந்தது. முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் பணியாற்றி, அதற்குரிய தேர்விலும் தேறியவர் அவர். அங்குக் கற்ற நச்சுமருந்து அறிவைக் கதையில் பிழையின்றிக் கையாண்டதை மருந்தாளுநர் இதழே பாராட்டியது. வேதியியல் விரும்பும் பெண் துப்பறியும் கதையை விரும்புவதில் வியப்பென்ன?

சேயர்ஸ் பிற்காலத்தில் தாந்தேயின் பெருங்காப்பியத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினாள். நரகமும் உத்தரிக்கும் தலமும் அவள் வாழ்நாளிலேயே வெளியாயின. மோட்சப் பகுதி முடியுமுன் 1957இல் இறந்தாள். எஞ்சியதை அவளது தோழியான பார்பரா ரெனால்ட்ஸ் நிறைவுசெய்ய, 1962இல் நூல் முழுமை பெற்றது.

முதலாவதும் இரண்டாவதும்

எலெனாவுக்கு மறுக்கப்பட்ட இறையியல் பட்டம் என்னவாயிற்று? 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல், அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். ஒரு வாரத்தில் சியன்னா நகர்ப் புனித கத்தரீனம்மாளையும் அறிவித்தார். பதுவையில் மறுப்புரைக்கப்பட்டு ஏறத்தாழ 292 ஆண்டுகள் கடந்திருந்தன. திருச்சபையே தன் பெண்மக்களிடம் இறையியல் கற்க முன்வந்த நாள் அது.

அத்தாயிடம் இவற்றையெல்லாம் அன்று சொல்ல நேரமில்லை. "முதலில் படிப்பவள் வழி தவறுவாளோ என்று அஞ்சுகிறீர்கள். அவளைத் தடுத்தால் உங்கள் பேத்தியும் முதலாவதாகவே தொடங்க வேண்டியிருக்கும், அதையும் எண்ணுங்கள்" என்று மட்டும் கூறினோம். மறுவாரம் தந்தை வந்தார். வாசற்படியில் நெடுநேரம் நின்றார். பின்பு, விடுதிக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

அம்மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். பங்கு நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற 'பாதிரியார் பிரவுன்' இன்னும் திரும்பி வரவில்லை. அவள் தங்கை அதை நாள்தோறும் கேட்டு வருகிறாள்.