காட்டுவெளிக்குச் செல்லும் சக்கர நாற்காலி

சாலையும் மின்சாரமும் கட்டடங்களும் இல்லாத காட்டுப் பகுதிக்குள் பல நாள்கள் தங்கி, துடுப்பு வலித்தும் நடந்தும் கூடாரத்தில் உறங்கியும் மேற்கொள்ளப்படும் பயணங்களில் மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்க முடியுமா என்பது, 1970-களில் அமெரிக்காவில் ஓர் அரசியல் விவாதமாகவே எழுந்தது. அவர்கள் வர வேண்டுமானால் காட்டுக்குள் மோட்டார் வாகனங்களை விடத்தான் வேண்டும் என்று ஒரு தரப்பும், காட்டின் இயல்பைக் குலைக்காமலேயே அவர்களை அழைத்துச் செல்ல முடியும் என்று மற்றொரு தரப்பும் வாதிட்டன. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நடந்துவரும் பயணங்கள் இரண்டாம் தரப்பின் பக்கமே நிற்கின்றன. திருத்தப்பட வேண்டியது காடு அன்று, பயணத்தைத் திட்டமிடும் முறையே என்பதுதான் அந்த அனுபவத்தின் சாரம்.

சட்ட விவாதத்தில் பிறந்த பயணம்

அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றி, அதிபர் லிண்டன் ஜான்சன் 1964 செப்டம்பர் 3 அன்று கையெழுத்திட்ட காட்டுவெளிச் சட்டம், மனிதத் தலையீடு மிகக் குறைந்த நிலப்பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் நிரந்தரச் சாலை அமைப்பதையும் மோட்டார் வாகனங்கள், மோட்டார் கருவிகள், இயந்திரப் போக்குவரத்து ஆகியவற்றைப் பயன்படுத்துவதையும் சில விலக்குகள் நீங்கலாகத் தடை செய்தது. மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி அமைந்துள்ள பவுண்டரி வாட்டர்ஸ் அவ்வாறு காக்கப்படும் பகுதிகளுள் ஒன்றாகும். ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் பரப்பில், பனியாறுகள் செதுக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட அந்த நிலத்தில், கேனோ எனப்படும் நீண்டு ஒடுங்கிய துடுப்புப் படகுதான் தொன்றுதொட்டு வரும் போக்குவரத்துச் சாதனம்.

அந்த ஏரிகளில் மோட்டார் படகுகளையும் பனி ஊர்திகளையும் மேலும் கட்டுப்படுத்தும் மசோதா 1970-களின் பிற்பகுதியில் விவாதிக்கப்பட்டபோது, மோட்டாரைத் தடுத்தால் ஊனமுற்றோரும் முதியோரும் அந்த வனத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஆவார்கள் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. அது உண்மைதானா என்று நேரடியாகச் சோதிக்க விரும்பிய கிரெக் லைஸ், பால் ஷுர்க் என்ற இரு இளைஞர்கள், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரும் காது கேளாதோரும் அடங்கிய ஒரு குழுவை 1977-இல் பவுண்டரி வாட்டர்ஸுக்குள் துடுப்புப் படகுகளில் அழைத்துச் சென்றனர். அந்தப் பயணத்தின் விளைவாக 1978-இல் மினியாபொலிஸ் நகரில் வில்டர்னஸ் இன்கொயரி என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாயிற்று. மோட்டார்களைப் பெரும்பாலான ஏரிகளிலிருந்து விலக்கிய சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டதும் அதே ஆண்டு அக்டோபரில்தான்.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் வரைந்த எல்லை

சக்கர நாற்காலியும் சக்கரம் உள்ள ஒரு சாதனம்தானே, அதுவும் தடைக்கு உட்பட்ட இயந்திரப் போக்குவரத்தில் அடங்குமா என்ற ஐயத்தை, 1990-இல் நிறைவேறிய ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டம் நீக்கியது. இயக்கக் குறைபாட்டின் காரணமாகச் சக்கர நாற்காலி தேவைப்படும் ஒருவர் அதைக் காட்டுவெளிக்குள் பயன்படுத்துவதை 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எந்தப் பகுதியும் தடுப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அது தெளிவுபடுத்தியது. அந்த நாற்காலிக்கு இரண்டு இலக்கணங்களையும் வகுத்தது: இயக்கக் குறைபாடு உள்ளவர் நகர்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும், கட்டடத்துக்குள் மனிதர் நடமாடும் இடத்திலும் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் நிறைவு செய்யும் மின்கல நாற்காலிக்கு அனுமதி உண்டு; காட்டுப் பாதைக்கென உருவாக்கப்பட்ட மோட்டார் ஊர்திக்கு இல்லை. அதே பிரிவு, காட்டுவெளிக்குள் எந்த வசதியையும் கட்டவோ நிலத்தின் தன்மையை மாற்றவோ அரசுத் துறைகள் கடமைப்பட்டவை அல்ல என்றும் கூறியது.

இச்சட்டத்தின்படி அமெரிக்காவின் தேசிய ஊனமுற்றோர் மன்றம் ஓர் ஆய்வை மேற்கொண்டு 1992-இல் அறிக்கை வெளியிட்டது. கருத்துக் கேட்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 76 விழுக்காட்டினர், இயந்திரப் பயன்பாட்டின் மீதுள்ள கட்டுப்பாடுகள் காட்டுவெளியைத் தாங்கள் அனுபவிக்கும் திறனைக் குறைப்பதாகக் கருதவில்லை. ஊனமுற்றோரின் பெயரால் மோட்டாருக்கு வாதாடியவர்களுக்கு ஊனமுற்றோரே தந்த விடையாக இதைக் கொள்ளலாம். அமைதியும் தொலைவும் சிரமமும் நிறைந்த காட்டை நாடியே மற்றவர்களைப் போல அவர்களும் செல்கின்றனர்.

கலந்த குழு என்னும் அடிப்படை

இத்தகைய பயணங்களில் வேரூன்றிய முதன்மையான கொள்கை, ஊனமுற்றோரைத் தனியே திரட்டி, பணியாளர் சிலர் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தவிர்த்து, பலவகைத் திறன் உடையவர்களை ஒரே குழுவில் சேர்ப்பதாகும். பவுண்டரி வாட்டர்ஸில் ஒரு குழுவுக்கு 9 பேர், 4 படகுகள் என்ற உச்சவரம்பு இருப்பதால், யார் யார் சேர்ந்தால் எந்தெந்த வேலைகள் நிறைவேறும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டியுள்ளது. நடக்க இயலாத ஒருவர் வலுவான தோள்களால் துடுப்பு வலிக்கலாம், நிலப்படத்தைப் படித்து வழிகாட்டலாம், உணவு தயாரிக்கலாம். பார்வையற்ற ஒருவர் படகைத் தோளில் சுமக்கலாம், அவருக்கு முன்னே செல்பவர் வழியைச் சொல்லலாம். எவரும் வெறும் பயணியாக இராமல், ஒவ்வொருவருக்கும் மெய்யான ஒரு பொறுப்பு இருக்கும்படி வேலைகள் பகிரப்படுகின்றன.

பயணத்துக்கு முந்தைய உரையாடலும் இதே அளவு முக்கியமானது. நோயின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வதால் அமைப்பாளருக்குப் பயன் அதிகம் இல்லை. ஒருவரால் நாற்காலியிலிருந்து தரைக்குத் தாமாக இறங்க முடியுமா, எவ்வளவு நேரம் சாய்மானமின்றி உட்கார முடியும், இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், பேச்சு வழியாகவா சைகை வழியாகவா அவர் கருத்தை அறிவிப்பார் என்பன போன்ற செயல்சார்ந்த வினாக்களே படகின் இருக்கையையும் குழுவின் அமைப்பையும் தீர்மானிக்கின்றன. ஒரே மருத்துவப் பெயரைத் தாங்கிய இருவரின் தேவைகள் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

நீரிலும் நிலத்திலும்

சக்கரத்தால் கடக்க முடியாத நிலத்தை நீர் எளிதாகக் கடத்திவிடுகிறது என்பதால், துடுப்புப் படகு இப்பயணங்களுக்கு மிகவும் பொருந்திய சாதனமாயிற்று. படகில் அமர்ந்தபின் நடப்பவருக்கும் நடக்க இயலாதவருக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. உடலின் நடுப்பகுதியில் தசைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு முதுகுச் சாய்மானமும் பக்கத் தாங்கலும் கொண்ட, படகின் அடித்தளத்தை ஒட்டிய தாழ்ந்த இருக்கை அமைக்கப்படுகிறது. இருக்கை தாழும் அளவுக்குப் படகின் நிலைத்தன்மை கூடும். பிடிமானம் குறைந்த கைகளைத் துடுப்போடு இணைக்கும் உறைகளும் உண்டு. ஆனால் படகு கவிழ்ந்தால் தாமாக விடுபட்டு வெளியேறும் நிலை ஒவ்வொருவருக்கும் இருந்தாக வேண்டும் என்பதால், எவரையும் படகோடு சேர்த்துக் கட்டுவதில்லை; மிதவைச் சட்டை அணிந்தால் முகம் நீருக்கு மேலே நிற்கிறதா என்பதைப் புறப்படுமுன் ஆழமற்ற நீரில் சோதிக்கின்றனர்.

கடினமான பகுதி, ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே படகையும் மூட்டைகளையும் சுமந்து கடக்க வேண்டிய நிலப்பாதையாகும். போர்ட்டேஜ் என அழைக்கப்படும் இப்பாதைகளின் நீளத்தை ராட் என்ற பழைய அளவையால் குறிக்கின்றனர். ஒரு ராட் பதினாறரை அடி, அதாவது ஏறத்தாழ ஒரு கேனோவின் நீளம். பாறையும் வேரும் சேறும் நிறைந்த இப்பாதையில், சக்கர நாற்காலியைப் பின்புறமாகச் சாய்த்து, முன்னே ஒருவர் கயிற்றால் இழுக்க, பின்னே மற்றொருவர் தாங்கி நடத்துவதும், அதுவும் இயலாத இடத்தில் அமர்ந்திருப்பவரின் விருப்பத்தையும் அறிவுறுத்தலையும் கேட்டு இருவராகச் சேர்ந்து தூக்கிச் செல்வதும் வழக்கம். மின்கல நாற்காலிக்கு மின்னேற்ற வழியில்லாததால், அதைப் பயன்படுத்துவோர் பலரும் பயணத்துக்கென இலகுவான கைநாற்காலிக்கு மாறுகின்றனர்.

மலைப்பாதைகளுக்கு வேறொரு தீர்வு பிரான்சில் உருவாயிற்று. தசைநலிவு நோயால் நடக்க இயலாதிருந்த தம் உறவுச் சிறுவனை மலைக்கு அழைத்துச் செல்ல விரும்பிய ஜோயல் குளோடெல் என்ற மலை வழிகாட்டி, 1987-இல் ஒற்றைச் சக்கரமும் முன்னும் பின்னும் பிடிக்கும் தண்டுகளும் கொண்ட நாற்காலியை வடிவமைத்தார். அவர் பெயரை ஒட்டி அது ஜோயலெட் என அழைக்கப்படுகிறது. கனடாவின் வான்கூவர் நகரில், பத்தொன்பதாம் வயதில் பனிச்சறுக்கு விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, பின்னாளில் அந்நகர மேயராகவும் பணியாற்றிய சாம் சல்லிவன், ஏறக்குறைய இதே தத்துவத்தில் இயங்கும் டிரெய்ல்ரைடரை உருவாக்கச் செய்தார். இரு சக்கரங்கள் போக முடியாத ஒற்றையடிப் பாதையிலும் ஒற்றைச் சக்கரம் போகும் என்பதால், இவற்றுக்காகப் பாதையை அகலப்படுத்த வேண்டிய தேவை எழுவதில்லை.

உடல்நலமும் தொடர்பும்

காட்டில் மருத்துவமனை தொலைவில் இருப்பதால், சில உடலியல் உண்மைகளைக் குழுவில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டியது கட்டாயமாகிறது. தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உணர்ச்சி குறைந்தோ இல்லாமலோ இருப்பதால், நீண்ட நேரம் ஒரே இடத்தில் அழுந்தும் தோல் அவர்கள் அறியாமலேயே புண்ணாகிவிடும். அடுப்பின் வெப்பத்தால் கால் வெந்தாலும் வலி தெரியாது. வியர்த்தும் நடுங்கியும் வெப்பநிலையைச் சமன்செய்யும் திறனும் அவர்களுக்குக் குறைவு என்பதால், கடும் வெயிலும் குளிர்ந்த மழையும் மற்றவர்களைவிட விரைவாக அவர்களைத் தாக்கும். மார்பு முதுகெலும்பின் ஆறாம் கண்ணியிலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பையோ இறுகிய பட்டையோகூட இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தி உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலையில், அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆடைகளைத் தளர்த்தி, தூண்டிய காரணத்தைக் கண்டு நீக்குவதே முதல் கடமையாகும். அடங்காவிட்டால் தாமதமின்றி மருத்துவ உதவி தேவை.

புலன்சார்ந்த குறைபாடுகளுக்கு வேண்டிய ஏற்பாடுகள் எளியவை, ஆனால் முன்யோசனை தேவைப்படுபவை. கூடாரத்திலிருந்து கழிப்பிடம் வரை கட்டப்படும் ஒரு கயிறு, பார்வையற்றவர் இரவிலும் எவரையும் எழுப்பாமல் சென்று திரும்ப வழிசெய்கிறது. படகின் முன்முனையில் அமரும் காது கேளாதவரால் பின்னால் இருந்து திசைதிருப்புபவரின் சைகையைக் காண இயலாது என்பதால், படகின் விளிம்பைத் தட்டி அதிர்வால் அழைப்பது போன்ற குறிகளை முன்பே பேசி வைத்துக்கொள்கின்றனர். இருட்டியபின் சைகை மொழி புலப்படும்படி கைகளின் மேல் விளக்கொளி விழச் செய்வதும் குழுவினரின் பொறுப்பாகிறது.

தகவல் என்னும் வசதி

காட்டுவெளியின் எல்லைக்கு வெளியே கூட்டாட்சி அரசு அமைக்கும் நடைபாதைகளுக்கு, அமெரிக்க அணுகல் வாரியத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகள் அளவுகளை நிர்ணயிக்கின்றன. 20 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் சரிவு எவ்வளவு நீண்டாலும் ஏற்கப்படும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு 200 அடி வரை மட்டுமே தொடரலாம். நடைபாதையின் அகலம் குறைந்தது 36 அங்குலம் இருக்க வேண்டும். இவற்றைவிடவும் கவனிக்கத் தக்கது, பாதையின் தொடக்கத்தில் வைக்கப்படும் புதிய அறிவிப்புப் பலகையில் அதன் நீளம், தரையின் தன்மை, அகலம், சரிவு ஆகியவை குறிக்கப்பட வேண்டும் என்ற விதியாகும். பாதை ஒரு மாற்றுத்திறனாளிக்கு ஏற்றதா என்பதை வேறொருவர் முடிவு செய்து முத்திரை குத்துவதைவிட, உண்மையான அளவுகளைத் தந்து முடிவை அவரிடமே விடுவது அவருடைய அறிவையும் துணிவையும் மதிப்பதாகும்.

சாதனையாளரும் சாதாரணரும்

இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த மார்க் வெல்மன் 1989-இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் செங்குத்துப் பாறையில் ஏறியதும், பார்வையற்ற எரிக் வைன்மேயர் முன்செல்பவரின் மணியோசையைப் பின்பற்றி 2001-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்ததும், ஒரு காலை இழந்த உத்தரப் பிரதேசத்தின் அருணிமா சின்கா 2013-இல் அதே சிகரத்தைத் தொட்டதும் உலகின் ஐயங்களைத் தகர்த்த சாதனைகளாகும். எனினும் அசாதாரண உடல்வலிமையும் பல்லாண்டுப் பயிற்சியும் கொண்ட சிலரின் வெற்றி, ஒரு வார விடுமுறையில் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க விரும்பும் சாதாரண மனிதருக்குத் தானாக வழி திறந்துவிடாது. அவருக்குத் தேவை பயிற்சி பெற்ற வழிகாட்டி, பொருத்தமான இருக்கை, நம்பகமான தகவல், செலவில் சலுகை, தம்மைச் சமமாக ஏற்கும் குழு ஆகியவையே.

ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றில் மற்றவர்களுக்கு இணையாகப் பங்கேற்பதை உரிமையாக அறிவிக்கிறது. இந்தியா 2007-லும் இலங்கை 2016-லும் அதற்கு ஏற்புறுதி அளித்துள்ளன. காடும் மலையும் நிறைந்த இந்நாடுகளில் இயற்கைச் சுற்றுலாவை நடத்தும் துறைகளும் மலையேற்றக் குழுக்களும் பெருஞ்செலவுத் திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதையின் அளவுகளை வெளியிடுவதும், வழிகாட்டிகளுக்குப் பயிற்சி அளிப்பதும், அடுத்த பயணத்தின் குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் ஒதுக்குவதும் இன்றே தொடங்கக்கூடிய பணிகள். அவற்றைத் திட்டமிடும் மேசையில் அவர்களையும் முதல் நாளிலிருந்தே அமர வைக்க வேண்டும்.