6,003 கோடி ரூபாய்க்கு என்ன வாங்கலாம்? குவாண்டம் கணினிக்கு அரசாங்கங்கள் செலவழிப்பது ஏன்?

சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி-யில் இரண்டே நிலையம் போனால் குவாசா டாமன்சாரா. வீடுகள் எழும் அந்த நிலம் முன்பு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம். 1925-இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்கு ஏற்றுமதி ரப்பர் மீதான வரியிலிருந்து பணம் வந்தது. உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள் என்றால், அதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. கன்று நட்டு பால் எடுக்கவே ஐந்தாறு வருஷம் ஆகும். புது ரகத்தைச் சோதித்து முடிக்க அதைவிட அதிகம். தனியார் முதலாளி அவ்வளவு நாள் காத்திருப்பாரா?

குவாண்டம் கணினியிலும் சிக்கல் இதேதான்.

2023 ஏப்ரலில் இந்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அன்றைய நாணய மதிப்பில் நம் கணக்குக்கு 300 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை கொண்ட கணினிகளை உருவாக்குவது ஓர் இலக்கு. கணினிப் பிரிவுக்குத் தலைமை பெங்களூரு ஐஐஎஸ்சி. சென்னை ஐஐடி குவாண்டம் தகவல்தொடர்பைக் கவனிக்கிறது.

ஆயிரம் கியூபிட் என்றால் பெரிய விஷயம் போலத் தெரியும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் போனில் உள்ள பிட் 0 அல்லது 1. கியூபிட் இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். லேசான வெப்பமோ அதிர்வோ பட்டாலே அந்த நிலை கலைந்து, கணக்கு தப்பாகிவிடும். அதனால்தான் சில வகைக் கியூபிட்களை மைனஸ் 273 டிகிரிக்கு அருகில் குளிரவைக்கிறார்கள். அப்படியும் பிழை வரும். பிழையைத் திருத்திக்கொண்டே ஓடும் நம்பகமான ஒரே ஒரு கியூபிட்டுக்குப் பல நூறு, சில சமயம் ஆயிரம் சாதாரண கியூபிட்கள் தேவைப்படலாம்.

அதாவது, இந்தியா இலக்கை முழுசா எட்டினாலும் கையில் நிற்பது அப்படிப்பட்ட ஒரு சில கியூபிட்கள்தான். மருந்து கண்டுபிடிக்கவோ வங்கி ரகசியக் குறியீட்டை உடைக்கவோ அது போதாது.

பணம் வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். குளிரூட்டி, மைக்ரோவேவ் மின்னணுவியல், பிழை திருத்தும் மென்பொருள் தெரிந்த ஆட்கள் ஒரே நாளில் கிடைப்பதில்லை. சிங்கப்பூருக்கு இது புரிந்திருக்கிறது. 2024 மே மாதம் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 30 கோடி வெள்ளி அறிவித்தபோது, 100 முனைவர் பட்ட மாணவர்களுக்கும் 100 முதுகலை மாணவர்களுக்கும் உபகாரச் சம்பளம் தருவதையும் சேர்த்தே அறிவித்தது. படிவம் 4-இல் பௌதிகத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்கள், இதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.