ஆரோக்கியப்பச்சை: காணிக்காரர் அறிவும் ஆய்வாளர் கடனும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்புற, மலைவாழ் மக்களிடமிருந்து அறிவைத் திரட்டும் ஆய்வாளர் அம்மக்களுக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்னும் வினாவை, அகத்தியமலைக் காணிக்காரரின் ஆரோக்கியப்பச்சை நிகழ்வைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. வருவாயில் பங்கு தருவது தேவையே. ஆயினும் அறிவுக்கு உரியவர் யார், அவர்தம் இசைவு எப்போது பெறப்பட்டது, ஆய்வின் பயன் எம்மொழியில் திரும்பியது என்பனவும் சமமாகக் கருதத்தக்கவை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: காணிக்காரர், ஆரோக்கியப்பச்சை, வாய்மொழி அறிவு, பயன்பகிர்வு, கள ஆய்வு நெறி

முன்னுரை

கள ஆய்வு செய்வோர் ஊருக்குச் செல்கின்றனர், கேட்கின்றனர், பதிவு செய்கின்றனர், திரும்புகின்றனர். கேட்டறிந்தவை ஆய்வேடாகவும் நூலாகவும் மருந்தாகவும் உருப்பெறுகின்றன. சொன்னவர் பெயரோ பின்னிணைப்பிலுள்ள தகவலாளர் பட்டியலில் வயது, தொழில், ஊர் ஆகிய குறிப்புகளுடன் நின்றுவிடுகிறது. இந்த ஒருவழிப் போக்கை மாற்ற இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் முன்னோடியானது ஆரோக்கியப்பச்சை தொடர்பானது. அதன் நிறைகளும் குறைகளும் தாவரவியலார்க்கு மட்டுமன்றி, வாய்மொழி வழக்காறுகளைத் தொகுக்கும் தமிழாய்வாளர்க்கும் உரிய பாடங்களாகும்.

காணிக்காரரும் ஆரோக்கியப்பச்சையும்

காணிக்காரர் அகத்தியமலையின் இரு சரிவுகளிலும் வாழும் பழங்குடியினர். மேற்கே கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், கிழக்கேயும் தெற்கேயும் தமிழகத்தின் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இவர்தம் குடியிருப்புகள் உள்ளன. குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். நோய் தீர்ப்பதும் சடங்கு நிகழ்த்துவதும் பிலாத்தியின் பணிகள். கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடிப் பிணி நீக்குவது இவர்தம் மரபு. எனவே இவர்களிடத்தில் மருந்தறிவும் பாட்டும் சடங்கும் பிரித்தற்கு அரியன.

1987ஆம் ஆண்டில், அனைத்திந்திய ஒருங்கிணைந்த இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தின் கீழ் ப. புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அகத்தியமலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்டது. மலையேறிய ஆய்வாளர்கள் களைத்துப் போயினர். வழிகாட்டிகளாக உடன்வந்த காணி இளைஞர்களோ சிறு காய்கள் சிலவற்றை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். அவற்றை உண்டபின் ஆய்வாளர்களும் புத்துணர்வு பெற்றனர். அச்செடி எது எனக் கேட்டபோது வழிகாட்டிகள் உடனே காட்டவில்லை. அது தம் குலத்தார்க்குரிய மறைபொருள் என்றனர். பலமுறை வேண்டிய பின்னரே அடையாளம் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை, தாவரவியலார் இதனை டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்பர்.

இந்நிகழ்வில் கருதத்தக்கது அவர்தம் தயக்கமேயாகும். குலத்துக்குப் பொதுவான அறிவை வெளியார்க்குச் சொல்லும் உரிமை தமக்கு உண்டா என்னும் ஐயம் அத்தயக்கத்தில் அடங்கியிருந்தது. அவ்வையம் அன்று தீர்க்கப்படவில்லை. பின்னெழுந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுவே.

மருந்தும் பயன்பகிர்வும்

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் இச்செடியை ஆராய்ந்து, இதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. காணிக்காரர் உண்டது காயை; மருந்துக்குப் பயன்பட்டது இலை. காணிக்காரர் அறிவு வழி காட்டியது. ஆய்வுக்கூடம் அதனை வேறொன்றாக வளர்த்தது. மருந்தின் ஆக்கத்தில் இருதரப்பின் பங்கும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

1995இல் மருந்தைச் செய்யும் உரிமம் கோயம்புத்தூரிலுள்ள ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் உரிமத்தொகை 2 விழுக்காடு. இவ்விரண்டிலும் பாதியைக் காணிக்காரர்க்குத் தர ஆய்வு நிறுவனம் முன்வந்தது. பெறுவதற்கு அமைப்பு இல்லாமையால் 1997இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் முதல் தொகை அதன் கணக்கில் சேர்ந்தது.

இந்தியாவில் உயிர்ப்பன்மைச் சட்டம் இயற்றப்பட்டது 2002இல். பயன்பகிர்வுக்கான நகோயா நெறிமுறை ஏற்கப்பட்டது 2010இல். சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே ஓர் ஆய்வு நிறுவனம் தானே பாதியைப் பகிர முன்வந்தது பாராட்டத்தக்கது. உலக அரங்கில் இது முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டதில் வியப்பில்லை.

எழுந்த சிக்கல்கள்

முதலாவது, உரியவர் யார் என்பது. வழிகாட்டிகள் காணிக்காரருள் ஒரு பகுதியினரே. பிற ஊர்களில் வாழ்ந்த பிலாத்திகள் சிலர் தம் மருந்தறிவு விற்கப்படுவதை எதிர்த்தனர். அறிவைக் காத்துவந்தவர் பிலாத்தி, வெளிப்படுத்தியவர் வழிகாட்டி, தொகையைப் பெற்றது அறக்கட்டளை. இம்மூவரும் ஒருவரல்லர். மேலும், அறக்கட்டளையின் பெயரே கேரளத்தைச் சுட்டுவது. மலையின் மறுசரிவில், பாபநாசத்துக்கு மேலும் பேச்சிப்பாறைப் பகுதியிலும் வாழும் காணிக்காரர் அவ்வரம்புக்கு வெளியே நின்றனர். மாநில எல்லை மலையைப் பிரித்தது. அறிவை அவ்வாறு பிரித்தல் இயலாது.

இரண்டாவது, காலம். இசைவு, பங்கு, அமைப்பு ஆகிய மூன்றும் அறிவு வெளியேறிய பின்னரே கருதப்பட்டன. 1987இல் பெற்றதற்கு 1999இல்தான் பணம் சென்றது.

மூன்றாவது, காட்டின்மீதான உரிமை. இச்செடி மரநிழலில் வளர்வது. காணிக்காரர் இலையைப் பயிரிட்டு விற்று வருவாய் பெறலாம் என்னும் திட்டம் வனத்துறையின் கட்டுப்பாடுகளால் தடைப்பட்டது. அறிவுக்குப் பங்கு கிடைத்தும், அவ்வறிவு விளைந்த நிலத்தின்மீது உரிமை உறுதிப்படவில்லை.

நான்காவது, பெயர். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ‘ஜீவனி’ என்பதைத் தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. ஓர் அறிவு ஊரைவிட்டு நீங்கியபின், அதனை வெளிக்கொணர்ந்த ஆய்வாளர்க்கும் அது முழுதும் கட்டுப்படுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழாய்வுக்குரிய பாடங்கள்

தமிழ்த்துறைகளில் நாட்டுமருத்துவம், தொழிற்சொற்கள், சடங்குப்பாடல்கள் ஆகியன தொடர்ந்து தொகுக்கப்படுகின்றன. சாற்றுப்பாட்டைப் பதிவு செய்பவர் அதனை இலக்கியமாகக் கருதலாம். பாடும் பிலாத்திக்கோ அது மருத்துவம். எனவே பாடல் தொகுப்பவர்க்கும் மருந்து தேடுபவர்க்கும் உள்ள கடன் ஒன்றே.

இன்றைய சட்டம் இக்கடனை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டம் ஏற்ற பழைய மருத்துவ நூல்களில் அடங்கிய அறிவுக்குப் பயன்பகிர்வுக் கடப்பாட்டிலிருந்து விலக்களிக்கிறது. அந்நூல்களில் இடம்பெறாத வாய்மொழி அறிவு இவ்விலக்கில் அடங்காது. ஆகவே ஓர் அறிவு எவரிடமிருந்து, எவ்வூரில், எவ்வடிவில் பெறப்பட்டது என்னும் குறிப்பு வெறும் ஆய்வு மரபன்று. நாளை உரிமை கோருவோர்க்கு அதுவே சான்று. உள்ளாட்சிதோறும் அமையும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுக்கள் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டை உருவாக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. செடியின் வட்டாரப் பெயரையும் வழக்கையும் பிழையின்றி எழுத அறிந்த தமிழாய்வாளர் அப்பணியில் துணைநிற்கலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன:

1. இசைவு ஆய்வின் தொடக்கத்திலேயே பெறப்பட வேண்டும். வழிகாட்டி ஒருவரின் இசைவு குலத்தின் இசைவாகாது.

2. மக்கள் மறைக்க விரும்புவதை அச்சேற்றாதிருத்தலும் ஆய்வு நேர்மையின் பகுதியே.

3. அறிவைத் தந்தவர், அவர் விரும்பினால், பின்னிணைப்பில் அன்றிக் கட்டுரையின் உள்ளேயே பெயர் சுட்டப்பெற வேண்டும்.

4. ஆய்வு முடிவுகள் மக்கள் பேசும் மொழியில் அவர்களிடம் திரும்ப வேண்டும். ஆரோக்கியப்பச்சை நிகழ்வில் அறிவு மேலே சென்றது. பணம் கீழே வந்தது. இலையில் கண்டறியப்பட்ட ஆற்றல் போன்ற புதிய அறிவும் உடன் திரும்பினாலன்றிப் பகிர்வு முழுமையுறாது.

வழிகாட்டிகளின் தயக்கத்துக்கு 1987இல் செவிசாய்த்து, மூட்டுக்காணியையும் பிலாத்தியையும் அழைத்துப் பேசிய பின் ஆய்வு தொடர்ந்திருக்குமாயின், பின்னெழுந்த சிக்கல்களுள் சிலவேனும் தவிர்க்கப்பட்டிருக்கும். களத்தில் ஒருவர் சொல்லத் தயங்கும் இடத்தை ஆய்வாளர் தடையாகக் கொள்ளாது, தம் கடன் தொடங்கும் இடமாகக் கொள்ளுதல் வேண்டும்.